வேலியும் கூலியும்

"வெளியான் வந்தான், வேலையைப் பறித்தான்! வேலி போடு, கூலி உயரும்!" இந்த முழக்கம் எந்நாட்டிலும் எளிதில் எடுபடும். வேலையற்று வாடுவோன் செவியில் அது நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் பகுத்தறிவாளர் என்று கூறிக்கொள்ளும் நாம், முழங்குவதற்கு முன் கணக்கைப் பார்த்திட வேண்டாமா? அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியிலே, மெக்சிகோவையும் டெக்சாசையும் பிரித்தோடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலே, அந்தக் கணக்கு வரி வரியாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஏட்டைப் புரட்டுவோம்.

1942-ஆம் ஆண்டு. அமெரிக்கா உலகப் போரில் இறங்கிவிட்ட நேரம். பண்ணையாட்கள் படைக்கும் ஆலைக்கும் போய்விட்டனர். காயும் கனியும் பறிப்பாரின்றிக் கிடந்தன. அமெரிக்க அரசு மெக்சிகோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி வந்த தொழிலாளிக்குப் 'பிரேசரோ' என்று பெயர். கரத்தால் உழைப்பவன் என்பது பொருள். கரம் போதும், அதற்கு மேலேயுள்ள தலை வேண்டாம் என்று எண்ணித்தான் பெயரிட்டனர் போலும்! வட்டாரத்தில் வழங்கும் கூலிக்குக் குறையாத கூலி, உறைவிடம், போக்குவரத்துச் செலவு என அத்தனையும் ஒப்பந்தத்திலே இருந்தன. திட்டம் முடிந்த 1964 வரையில் ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தொடக்க ஆண்டுகளில் கூலியிலே பத்தில் ஒரு பங்கு 'சேமிப்பு' என்று பிடிக்கப்பட்டது; அந்தப் பணம் பலர் கைக்கு எட்டவேயில்லை என்பது தனிக்கதை.

கூலியை எழுத்தில் வடித்ததே பண்ணையாருக்குக் கசந்தது. எழுதாத கூலிக்கு ஆள் வேண்டும் அவருக்கு. ஆறோ அருகில் ஓடுகிறது. இரவிலே கடந்து வருபவனுக்கு ஒப்பந்தம் இல்லை, முறையிட மன்றம் இல்லை, கேட்க நாதியும் இல்லை. நனைந்து வந்தவனை 'ஈர முதுகன்' என்று இழித்துரைத்தனர். இலங்கையிலே நம்மினத்துத் தோட்டத் தொழிலாளரைக் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்களே, அதே நச்சு இந்தச் சொல்லிலும் உண்டு.

1948 அக்டோபரில் எல் பாசோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். பருத்தி வெடித்து நின்ற பருவம். நூறு பவுண்டு பருத்தி எடுக்க 3 டாலர் தரவேண்டும் என்றது மெக்சிகோ அரசு. 2.50-க்கு மேல் தரமாட்டோம் என்றனர் டெக்சாஸ் பண்ணையார். பேச்சு முறிந்தது. எதிர்க்கரையிலே ஆயிரக்கணக்கான ஏழைகள் வேலை வேண்டிக் காத்துக் கிடந்தனர். குடிநுழைவுத் துறையினர் என்ன செய்தனர்? எல்லையைத் திறந்துவிட்டனர்! வந்தவர்களைப் பெயரளவிற்குக் கைது செய்தனர். கைது செய்த கையோடு பண்ணையாரிடம் ஒப்படைத்தனர். சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் பருத்திக் காட்டிற்குப் போய்ச் சேர்ந்தனர். மெக்சிகோ சினந்தெழுந்து உடன்படிக்கையை முறித்தது. அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. வருத்தம் வாஷிங்டனிலிருந்து வந்தது. பருத்தியோ மூட்டைக்குள் போய்விட்டிருந்தது.

காவலன் கைவிலங்கோடு நிற்கிறான், அவனே கங்காணி வேலையும் பார்க்கிறான். என்னே விந்தை! இது ஏதோ ஒரு நாள் கூத்தன்று. சட்டத்திற்குப் புறம்பாக வந்தவனை எல்லைக்கு அழைத்துச் சென்று, காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, அதே பண்ணைக்கு முறையான தொழிலாளியாகத் திருப்பியனுப்புவதும் வழக்கமாயிற்று. அதற்கு 'உலர்த்துதல்' என்றே பெயர். 1947 முதல் 1949 வரை மெக்சிகோவின் உட்பகுதியிலிருந்து புதிதாகச் சேர்க்கப்பட்டோரைவிட இவ்வாறு உலர்த்தப்பட்டோரே அதிகம் என்று, குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு 1951-இல் எடுத்துரைத்தது.

அடுத்த ஆண்டு, 1952-இல், சட்டம் கடுமையாயிற்று. அனுமதியின்றி வந்தவனுக்குப் புகலிடம் தந்து மறைத்துவைப்போருக்குச் சிறை என்றனர். நல்லது, பண்ணையார் சிக்கினார் என்றுதானே எண்ணத் தோன்றும்? அங்கேதான் ஒரு விதிவிலக்கு வந்து குந்தியது: வேலைக்கு வைத்துக்கொள்வது புகலிடம் தருவதாகாது! டெக்சாஸ் முதலாளிகளுக்காகவே புகுத்தப்பட்டதால் 'டெக்சாஸ் விதிவிலக்கு' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. இரக்கப்பட்டு ஒளித்துவைப்பவன் குற்றவாளி. வேலை வாங்கிக் கொழுப்பவன் குற்றமற்றவன். மனு எழுதியவர்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

1954-இல், படைத்தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஜோசப் ஸ்விங் தலைமையிலே, அந்த இழிசொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு மாபெரும் வேட்டை தொடங்கிற்று. தெருவிலும் வயலிலும் பிடித்தனர். பேருந்திலும் தொடர்வண்டியிலும் கப்பலிலும் ஏற்றினர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரை அகற்றிவிட்டோம் என்று அரசு மார்தட்டிற்று. அந்த எண்ணிக்கையை வரலாற்றறிஞர் பலர் ஏற்பதில்லை. அது கிடக்கட்டும். வேலி போட்டவர் கூலியை உயர்த்தினாரா? இரண்டே ஆண்டுகளில், 1956-இல், பிரேசரோக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,45,000 ஆக ஏறி உச்சத்தைத் தொட்டது. ஒரு வாயிலில் விரட்டினர். மறு வாயிலில் அழைத்தனர்.

1964-இன் முடிவில் பிரேசரோ திட்டமும் ஒழிந்தது. அயலான் போய்விட்டால் உள்நாட்டானுக்குக் கூலி கூடும் என்று ஆட்சியாளர் நம்பினர். கூடியதா? கிளெமன்ஸ், லூயிஸ், போஸ்டல் என்னும் மூன்று ஆய்வாளர்கள், பிரேசரோக்கள் நிறைந்திருந்த மாநிலங்களையும் அவர்கள் இல்லாத மாநிலங்களையும் ஒப்பிட்டு 2018-இல் முடிவை வெளியிட்டனர். இரண்டிலும் பண்ணைக் கூலி ஏறத்தாழ ஒரே நடைதான் நடந்தது. ஆள் போன இடத்திற்குப் பண்ணையார் உள்ளூர் ஏழையை அழைக்கவில்லை, பொறியை அழைத்தார். கலிபோர்னியத் தக்காளி வயல்களில் சில ஆண்டுகளுக்குள் அறுவடைப் பொறி கைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொறி கிட்டாத பயிரைச் சில இடங்களில் கைவிடவும் செய்தனர்.

அனுமதியற்றோர் வருகையால் எவர்க்கும் இழப்பே இல்லை என்று சாதிக்க நாம் முன்வரவில்லை. 1965-இல் கலிபோர்னியாவின் டெலேனோவிலே திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முதலில் இறங்கியோர் லேரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர். எட்டே நாளில் சீசர் சாவேசின் சங்கமும் தோள் கொடுத்தது. ஐந்தாண்டுப் போருக்குப் பின், 1970-இல், முதலாளிகள் பணிந்தனர். ஆனால் வேலைநிறுத்தம் நடக்கும் தோட்டத்திற்குள் எல்லை தாண்டி வந்தவனை இறக்கிச் சங்கத்தை முறிப்பது முதலாளியின் பழைய படைக்கலம். மனம் நொந்த சாவேசின் சங்கம், 1974-இல், அத்தகையோரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கும் இயக்கமே நடத்திற்று. மெக்சிக்க வழியினரே அவரைக் கண்டித்தனர். நாமும் அதை ஒப்பவில்லை. எனினும் பட்டினி கிடந்து போராடுவோன் கண்ணெதிரே கருங்காலி இறங்கும்போது பொங்கும் சினத்தை இகழவும் நமக்கு உரிமை இல்லை. அந்தக் கருங்காலி ஏன் குறைகூலிக்கு இசைந்தான் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. மெக்சிகோவிலே பிறந்ததாலா? அன்று, தோழர்களே! வாய் திறந்தால் நாடு கடத்துவர் என்ற அச்சம் அவன் கழுத்திலே கட்டப்பட்டிருந்தது. அந்தக் கயிற்றின் மறுமுனை முதலாளியின் கையில் இருந்தது.

1986-இல் ரீகன் ஆட்சி ஒரு புதுச் சட்டம் கண்டது. ஏறத்தாழ 27 இலட்சம் பேருக்குத் தங்கும் உரிமை கிட்டிற்று. அவர்கள் கயிறு அறுந்தது. அனுமதியற்றோரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் முதன்முறையாகத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 'தெரிந்தே வைத்தால்' என்று ஒரு சொல்! காட்டப்படும் காகிதம் உண்மைபோல் தோன்றினால் போதும். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலிருப்பதுபோல் எளிய வேலை வேறு உண்டா?

பின்னர் வந்தவர்களுக்குக் கயிறு மீண்டும் திரிக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஹாஃப்மன் என்னும் பிளாஸ்டிக் நிறுவனத்திலே வேலை பார்த்த ஒருவர் சங்கம் அமைக்கத் துணைநின்றார், 1989-இல் வேலையிழந்தார். சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்கியது சட்டவிரோதம் என்று தொழிலுறவு வாரியம் கண்டு, இழந்த ஊதியத்தைத் தரும்படி ஆணையிட்டது. வழக்கின் இடையிலே அவர் அனுமதியின்றி வந்தவர் என்பது தெரியவந்தது. 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து தீர்ப்பளித்தது. நிறுவனம் சட்டத்தை மீறியது உண்மைதான் என்றது. ஊதியத்தில் ஒரு காசும் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிற்று.