சேஸிஸ் ஒருவர், பாடி இன்னொருவர்: 1920-களின் சொகுசு கார்கள் எடையோடு மல்லுக்கட்டியது எப்படி?

இன்னைக்கு ஷோரூமுக்குப் போனால் முழு காரையும் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். 1920-களில் இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸோ பென்ட்லியோ வாங்கப் போனவருக்குக் கிடைத்தது வெறும் சேஸிஸ்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு ரேடியேட்டர். அவ்வளவுதான். கதவு, சீட்டு, கூரை எல்லாம் தனி. பஸ் சேஸிஸ் வாங்கி கரூரில் பாடி கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே கதை. அங்கே ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு, வாண்டன் ப்ளாஸ் போன்ற கோச்பில்டர்கள் பாடி கட்டித் தந்தார்கள்.

சிக்கலும் இங்கேதான் தொடங்கியது.

சின்ன கார் கேட்டவர், பெரிய பாடி கட்டினார்

1922-ல் ரோல்ஸ் ராய்ஸ் 'ட்வென்ட்டி' என்ற சிறிய மாடலைக் கொண்டுவந்தது. 3,127 சிசி, ஆறு சிலிண்டர். டிரைவர் வைக்காமல் தானே ஓட்ட விரும்பும் முதலாளிக்காக யோசித்த கார் இது. மேலே லேசான பாடி இருந்தால் நன்றாகவே ஓடும்.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? காசு கொடுத்து ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிவிட்டு மழையில் நனைவதா என்று மூடிய பாடி கேட்டார்கள். தொப்பி இடிக்காத உயரம் வேண்டும், டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வேண்டும். மரச்சட்டம், உலோகத் தகடு, கனமான கண்ணாடி என்று எடை ஏறிக்கொண்டே போனது. மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். இவர்கள் ஏற்றியது மயிலிறகும் இல்லை!

எடை கூடினால் மேட்டில் கார் திணறும், பிரேக் பிடித்தாலும் நிற்க நேரமாகும், ஸ்பிரிங்கும் டயரும் சீக்கிரம் தேயும். கோபம் மட்டும் பாடி கட்டியவர் மேல் வராது, ரேடியேட்டரில் பெயர் போட்டவர் மேல்தான் வரும். அதனால் 1925-ல் ட்வென்ட்டிக்கு நான்கு கியரும் நான்கு சக்கர பிரேக்கும் வந்தன. 1929-ல் வந்த '20/25' மாடலில் இன்ஜின் 3,669 சிசி. 1936-ல் '25/30', அதில் 4,257 சிசி. இன்ஜின் பெரிதானதும் வாடிக்கையாளருக்கு இன்னும் பெரிய பாடி கட்டும் தைரியம் வந்தது என்பதுதான் வேடிக்கை.

பென்ட்லிக்கு வந்த தலைவலி

டபிள்யூ.ஓ. பென்ட்லியின் '3 லிட்டர்' ஸ்போர்ட்ஸ் கார். 1924-ல் லெ மான் பந்தயத்தையே ஜெயித்தது. அந்த சேஸிஸ் மேலும் கனமான சலூன் பாடியை ஏற்றினார்கள். சேஸிஸுக்கு ஐந்து வருட கேரண்டி கொடுத்திருந்த கம்பெனிக்கு இது சாதாரண விஷயமில்லை.

பாடியைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது இன்ஜினைப் பெருக்கலாம். பென்ட்லி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1926-ல் '6½ லிட்டர்', 1930-ல் '8 லிட்டர்'. கனமான மூடிய பாடியோடும் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்பது கடைசி மாடலின் இலக்கு. அதைச் செய்தும் காட்டினார். ஆனால் சேஸிஸ் மட்டுமே 1,850 பவுண்டு. அப்போது உலகப் பொருளாதார மந்தம் வேறு. 100 கார்களோடு கதை முடிந்தது. 1931-ல் கம்பெனி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. எடை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, பணத் தட்டுப்பாடு ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

துணியில் ஒரு கார்

நடுவில் ஒரு நல்ல வழியும் இருந்தது. விமானியான சார்லஸ் வெய்மன் கண்டுபிடித்த பாடி அது. மரச்சட்டத்தின் துண்டுகள் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவே உலோகத் தகடு வைத்து இணைத்து, மேலே தகட்டுக்குப் பதில் தோல் போன்ற துணியை இழுத்துப் போர்த்தினார். எடை குறைவு, கிறீச் சத்தமும் கிடையாது. பென்ட்லி கார்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். ஆனால் துணியில் பளபளப்பு வராதே! பக்கத்து வீட்டு கார் மின்னும்போது தன் கார் மங்கலாக நிற்பதை எந்தப் பணக்காரர் பொறுப்பார்? 1930-களின் தொடக்கத்தில் அதன் மவுசு போய்விட்டது.

பாடியும் கம்பெனியே தரும் ஏற்பாடு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது. 1946-ல் வந்த 'பென்ட்லி மார்க் 6' காரை ஸ்டாண்டர்டு ஸ்டீல் பாடியோடு முழுதாகவே வாங்க முடிந்தது. அப்போதும் பிடிவாதமாகக் கேட்டவர்களுக்கு வெறும் சேஸிஸ் விற்கப்பட்டது.