கலப்பின வாத்துக் குஞ்சுகளின் இறகு நிறம்: மரபும் கணிப்பும்

இணைசேரும் ஆண் வாத்து, பெட்டை வாத்து ஆகியவற்றின் நிற மரபணுக்களைக் கொண்டு, பொரியும் குஞ்சுகள் எந்தெந்த நிறத்தில், எந்த விகிதத்தில் அமையும் என்று முன்கூட்டியே கூறுவது இறகு நிறக் கணிப்பு. ஒரு நாள் குஞ்சிலேயே ஆண் பெண் பிரிக்கவும், ஒரே நிறமுள்ள மந்தையை உருவாக்கவும், நாட்டு வாத்துகளைக் கலப்பிலிருந்து காக்கவும் இது உதவுகிறது.

மரக்காணம் சூழல்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள மரக்காணத்தில் உப்பளங்களும், கழுவேலி என்னும் உவர் நீர்நிலையும், அவற்றுக்கு மேற்கே நெல்வயல்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உப்பளப் பாத்திகளின் செறிந்த உப்புநீர் வளர்ப்பு வாத்துக்கு ஏற்றதன்று. ஆகவே அதற்கு உகந்த இடம் நெல்வயல்களே; வட தமிழ்நாட்டில் வாத்து வளர்ப்பு பெரும்பாலும் மேய்ச்சல் முறையில் நடக்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல், நத்தை, பூச்சி ஆகியவற்றை மேயவிட்டு, இரவில் பட்டியில் அடைப்பார்கள். முட்டைக்காகவே வளர்ப்பதால் மந்தையில் பெட்டைகளே மிகுதி. எனவே எந்தக் குஞ்சு பெட்டை என்பதை முதல் நாளிலேயே அறிவது தீவனச் செலவை நேரடியாகக் குறைக்கும்.

தமிழ்நாட்டு நாட்டு வாத்துகளில் ஆரணி, கீரி, சந்நியாசி ஆகிய வகைகள் அறியப்பட்டவை. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் கருஞ்சாம்பல் நிறமுள்ளவை சாரா என்றும், பழுப்பு நிறமுள்ளவை செம்பல்லி என்றும் அழைக்கப்படுகின்றன. இவற்றோடு முட்டைக்காகக் காக்கி கேம்பல், இறைச்சிக்காக வெள்ளை பெக்கின் ஆகிய அயல் இனங்களும் வளர்க்கப்படுகின்றன. இவ்விரண்டும் பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள மத்திய கோழியின வளர்ச்சி நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டு வருபவை.

நிறத்தின் அடிப்படை

மஸ்கோவி வாத்தைத் தவிர வளர்ப்பு வாத்து இனங்கள் எல்லாம் மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் வழிவந்தவை. கருமைக்கு யூமெலனின், செம்பழுப்புக்கு ஃபியோமெலனின் என்னும் மெலனின் நிறமிகள் காரணம். ஆண் மல்லார்டின் தலையில் மின்னும் பச்சை தனி நிறமி அன்று. இறகின் நுண்ணிழைகளில் மெலனின் துகள்கள் அடுக்கப்பட்ட விதத்தில் ஒளி சிதறுவதால் அது தோன்றுகிறது. மெலனின் குறைந்தால் அந்த மினுமினுப்பும் மாறும். காக்கி கேம்பல் ஆணின் தலை பச்சையாக இல்லாமல் வெண்கல நிறமாக இருப்பது இதனால்தான்.

வாத்தின் நிறக் கோலங்களை மெண்டலிய முறையில் ஆராய்ந்த ஜாப் 1930-களிலும், வளர்ப்பு வாத்தின் நிற மரபை விரிவாகத் தொகுத்த லங்காஸ்டர் 1963-லும் இத்துறைக்கு அடித்தளம் இட்டனர். பெக்கினின் வெண்மைக்கு ‘மிட்ஃப்’ மரபணுவினுள் ஏறத்தாழ 6,600 காரஇணை நீளமுள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று செருகப்பட்டிருப்பதே காரணம் என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது.

முதன்மை மரபணுக்கள்

கோலம்: நிறம் உடலில் எங்கே படரும் என்பதைத் தீர்மானிக்கும் இந்த மரபணு இடத்தில் மூன்று மாற்று வடிவங்கள் (அல்லீல்கள்) உண்டு. ‘குறுகிய கோலம்’ மல்லார்டு கோலத்தை மறைக்கும்; மல்லார்டு கோலம் ‘மங்கல் கோலத்தை’ மறைக்கும். மல்லார்டு குஞ்சின் முகத்தில் கண்வழியே கருங்கோடும் முதுகில் மஞ்சள் புள்ளிகளும் இருக்கும். மங்கல் கோலக் குஞ்சில் முகக்கோடு இராது.

முழுக்கருமை: ஓங்கு பண்பு. ஒரு பிரதி இருந்தாலே கோலத்தை மூடிவிடும். இவ்வகை வாத்துகளில் வயது ஏற ஏற வெள்ளை இறகுகள் தோன்றுவதுண்டு. அதைக் கொண்டு கலப்பு என்று முடிவு கட்டக்கூடாது.

நீலம்: முழுமையற்ற ஓங்கு பண்பு. கரிய வாத்தில் ஒரு பிரதி இருந்தால் நீலச்சாம்பல். இரண்டு இருந்தால் வெளிர் வெள்ளி நிறம். இரு நீல வாத்துகளைச் சேர்த்தால் கருமை, நீலம், வெள்ளி என 1:2:1 விகிதம் கிடைக்கும். ஆகவே நீலத்திலிருந்து நீலம் மட்டுமே பிறக்கும் மந்தையை உருவாக்க இயலாது.

வெண்மை: ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் மற்ற எல்லா நிறமும் மறையும். வெள்ளை வாத்தின் உள்ளே கருமையோ நீலமோ ஒளிந்திருக்கலாம்.

பழுப்பு: இசட் குரோமோசோமில் உள்ள ஒடுங்கு பண்பு. காக்கி கேம்பலின் நிறத்தில் இதன் பங்கு பெரிது.

கணிக்கும் முறை

பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மகள் தன் இசட் குரோமோசோமைத் தந்தையிடமிருந்தே பெறுகிறாள். காக்கி கேம்பல் ஆணைப் பழுப்பு மரபணு இல்லாத நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால், பெண்குஞ்சுகள் எல்லாம் பழுப்புத் தூவியோடும் ஆண்குஞ்சுகள் எல்லாம் கருந்தூவியோடும் பொரியும். முதல் நாளிலேயே பால் பிரித்துவிடலாம். தூய நாட்டு ஆணையும் காக்கிப் பெட்டையையும் சேர்த்தாலோ குஞ்சுகள் எல்லாம் கருந்தூவியே பெறும். பால் பிரிக்க முடியாது. இரு கலப்புகளிலும் அதே இரண்டு இனங்கள்தாம் இருந்தும், எது தந்தை என்பதே விளைவை மாற்றுகிறது.

நாட்டு வாத்து மல்லார்டு கோலமுடையதானால், இக்கலப்பின் முதல் தலைமுறையில் கோலம் மல்லார்டாகவே இருக்கும். காக்கியின் மங்கல் கோலம் மறைந்து நிற்கும். முதல் வகைக் கலப்பில் பிறந்தவற்றைத் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் பாதி பழுப்பு. கால் பங்கு மங்கல் கோலம். இவ்விரண்டு இடங்களை மட்டும் கணக்கிட்டால், இரண்டும் ஒருங்கே பெற்றுக் காக்கி போலத் தோன்றுவது எட்டில் ஒரு பங்கு.

வெள்ளை பெக்கினை, வெண்மையை மறைத்து வைத்திராத நாட்டு வாத்தோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் நிறமுள்ளவை. மார்பில் வெள்ளைத் திட்டு தோன்றக்கூடும். அக்குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் சேர்ந்தால் நான்கில் ஒன்று வெள்ளை. மீண்டும் பெக்கினோடு சேர்த்தால் பாதி வெள்ளை.

சோதனைக் கலப்பு

நிறமுள்ள வாத்து ஒன்று வெண்மையை மறைத்து வைத்திருக்கிறதா என்று அறிய அதைப் பெக்கினோடு சேர்க்க வேண்டும். ஒரு வெள்ளைக் குஞ்சு பிறந்தாலும் ஐயம் தீர்ந்தது. மறைத்து வைத்திருந்தும் ஏழு குஞ்சுகளும் நிறமாகவே பிறக்க வாய்ப்பு 128-ல் ஒன்றுதான். சில குஞ்சுகளை மட்டும் பார்த்து விகிதத்தை முடிவு செய்வது பிழைக்கு இடம் தரும். விகிதம் என்பது பல அடைகளின் கூட்டுக் கணக்கு.

வரம்புகள்

மஸ்கோவி வேறு பேரினம் ஆதலால் மேற்கண்ட விகிதங்கள் அதற்குப் பொருந்தா. மற்ற வாத்தோடு அது ஈனும் கலப்பினம் பொதுவாக மலடு. மேய்ச்சல் மந்தையில் பல ஆண்கள் ஒன்றாகத் திரிவதால், தந்தை எது என்று அறியப் பெட்டைகளை ஒரே ஆணோடு தனியே அடைத்தே முட்டை சேகரிக்க வேண்டும்.

பாதுகாப்பு முக்கியத்துவம்

கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சர் தளமானது. தமிழக நீர்நிலைகளில் வாழும் புள்ளிமூக்கு வாத்து மல்லார்டின் நெருங்கிய உறவு. இரண்டும் கலந்தால் குஞ்சுகள் இனவிருத்தித் திறனோடு இருக்கும். எனவே கலப்பினக் குஞ்சுகளை நீர்நிலைகளில் விட்டுவிடுவது காட்டு இனத்தின் மரபையே கலக்கும் செயல். நாட்டு வாத்துக்கும் இதே ஆபத்து உண்டு. மறைந்து நிற்கும் அயல் மரபணு பல தலைமுறை கழித்தும் தலைகாட்டும் என்பதால், நாட்டு நிறத்தில் இருப்பதாலேயே ஒரு வாத்தைத் தூய நாட்டு இனம் எனக் கொள்ளக்கூடாது. எந்த ஆண் எந்தப் பெட்டையோடு அடைக்கப்பட்டது, குஞ்சுகள் என்ன நிறம் என்ற பதிவேடுதான் அதற்குச் சான்று. ஆரணியும் கீரியும் சந்நியாசியும் நிலைக்க வேண்டுமானால் அந்தப் பதிவேடு பண்ணைதோறும் எழுதப்பட வேண்டும்.