அருகிருப்போரும் மருந்தே

மருத்துவம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மூன்று: நோயுற்றவர், மருத்துவர், மருந்து. திருவள்ளுவரோ இம்மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து பேணுவோரையும் நான்காவது உறுப்பாகச் சேர்த்தே மருத்துவத்துக்கு இலக்கணம் வகுத்தார். மருத்துவரையும் மருந்தையும் அரசாங்கம் இலவசமாக அளித்துவிடலாம்; அருகிருப்போரை எந்தக் கருவூலத்திலிருந்தும் எடுத்து வழங்க இயலாது. ஊரும் உறவும் இழந்து ஓடிவந்த அகதி முதலில் இழப்பதும் அவர்களையே. அகதிகளுக்கு அளிக்கப்பட்ட இலவச மருத்துவத்தின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் வடக்கே சென்று பார்ப்போம். 1947-ல் பஞ்சாப் இரண்டானபோது நிலமும் பொருளும் மட்டுமன்றி, லாகூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளும் பங்கிடப்பட்டனர் என்பது பலர் அறியாத செய்தி. 1950-ல் அங்கிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் சுமார் 450 பேர் எல்லை கடந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இங்கிருந்த முஸ்லிம் நோயாளிகள் அங்கு அனுப்பப்பட்டனர். தம் நோயின் மேல் அகதி என்னும் நிலையையும் சுமந்த மக்கள் அவர்கள். வந்தோரில் பலரை ஏற்றுக்கொண்டது அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனை. 1950-களில் அதன் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர் ஒரு புதுமை செய்தார். நோயாளிகளின் குடும்பத்தாரை வரவழைத்து, மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அமைத்து, நோயாளியோடு தங்கச் செய்தார். நோயின் தன்மையையும் பேணும் முறையையும் அவர்களுக்கே கற்பித்தார். பூட்டிய கதவால் ஆகாத காரியம் உறவினரின் அருகாமையால் ஆயிற்று.

அதே காலத்தில் நமக்கு அண்மையிலும் அந்நெறி வேரூன்றியது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகராயிருந்தது நம் சித்தூர். தலைநகர் வேலூருக்கு மாறிய பின்னும், நோய் முற்றினால் காட்பாடி வண்டி ஏறும் வழக்கம் நம்மவரை விட்டு நீங்கவில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த அவ்வேலூர் மருத்துவமனையைச் சார்ந்து, 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் நிறுவப்பட்டது. டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் அதற்கு அடிகோலினார். நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவரேனும் தங்கியிருத்தல் வேண்டும் என்பது அங்குச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அமைந்தது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலிருந்து அங்குச் சென்று திரும்பிய குடும்பத்தார் இம்முறையின் பயனை நன்கு அறிவர்.

ஆயின் உடனிருக்க உறவினரே இல்லாதவர் என் செய்வர்? இவ்வினாவுக்கு விடை தேடி இனித் தெற்கே, இராமேசுவரம் இரயில் பாதையிலுள்ள மண்டபம் முகாமுக்குச் செல்லுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களை இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் சில நாட்கள் தடுத்து வைத்துச் சோதித்தது. காலரா, அம்மை முதலிய தொற்றுநோய்கள் கடல் கடந்து தீவுக்குள் புகாதிருத்தலே அதன் நோக்கம். அங்கும் மருந்துக்குக் காசு கேட்கவில்லை. எனினும் அம்மருத்துவம் தோட்டத்தின் நலனுக்காகச் செய்யப்பட்டதேயன்றித் தொழிலாளியின் நலனுக்காக அன்று. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அத்தொழிலாளரின் மக்களும் பேரரும் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்து தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்து அகதிகள் அலையலையாக வந்தபோதும் அம்முகாமே அவர்களை முதலில் ஏற்றது. 1983 முதல் மூன்று பதின்ம ஆண்டுகளில் வந்தவர் தொகை 3 இலட்சத்துக்கும் மேற்பட்டது. 2022-ல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்களும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர்.

தமிழக அரசு மருத்துவமனைகள் இம்மக்களுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்து வந்திருக்கின்றன. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கிடைத்தது. ஆனால் வீடு எரிந்ததைக் கண்டவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஆகியோரின் நோயை எந்தச் சீட்டில் எழுதுவது? போரால் வந்த மனத்துயர் பெரும்பாலும் தலைவலியாகவும், நெஞ்செரிவாகவும், உறக்கமின்மையாகவுமே வெளிப்படுகிறது என்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார். குடும்பமும் சமுதாயமும் சிதைந்ததால் வந்த புண், அவை மீண்டும் கூடினாலன்றி ஆறாது என்பது அவர் ஆராய்ச்சி காட்டும் முடிவு.

அகதிகள் இதற்குத் தாமே வழி கண்டனர். தந்தை செல்வாவின் மைந்தர் சந்திரகாசன் 1984-ல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் வாழ்ந்த அகதிகளையே நலப்பணியாளராகவும் உளத்துணை அளிப்போராகவும் பயிற்றியது. அண்டைக் குடிசையில் இருப்பவர், அதே துயரைத் தாமும் அனுபவித்தவர், வந்தமர்ந்து கேட்கிறார். உறவை இழந்தவருக்கு உறவின் இடத்தில் அமர்ந்தவர் இவரே. 1991-ல் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின், 1990-களின் முற்பகுதியில் தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. மருந்து நிற்காவிடினும், அருகிருப்போர் வரும் வழி அப்போது அடைபட்டது. ஒருவர் செய்த குற்றத்துக்குப் பல்லாயிரவர் தனிமையில் தண்டனை அனுபவித்த காலம் அது.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே அகதி பெறும் உதவி நெடுங்காலம் கருணையாகவே கருதப்பட்டது, உரிமையாகக் கருதப்படவில்லை. ஆயினும் 2018-ல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு மனநலச் சிகிச்சை பெறும் உரிமை ‘குடிமகனுக்கு’ உண்டு என்று கூறவில்லை. ‘ஒவ்வொரு நபருக்கும்’ உண்டு என்றே கூறுகிறது. வறியவரும் ஆதரவற்றவரும் வீடற்றவரும் அச்சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம் என்றும் விதிக்கிறது. அந்த ஒரு சொல்லின் அருமையை, நாடற்றவர் எண்ணிக்கையில் சேர்ந்தோரே முற்றும் உணர்வர்.

இதில் நம் பங்கு யாது? பிழைப்பு நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம் அகதிகள் அல்லோம். விரும்பியபோது வண்டியேறிச் சொந்த ஊர் சென்று மீளும் பேறு நமக்குண்டு. அப்பேறு அற்றவரை நாம் நாள்தோறும் காண்கிறோம். திருப்பதி இரயில் நிலையத்தில், ஊரும் பேரும் சொல்ல இயலாது அலையும் ஒருவரைக் கண்டால் காசு கொடுத்துவிட்டு நகர்வது தருமம் முழுமையாகாது. அத்தகையோரைப் பாதுகாத்து மருத்துவமனையில் சேர்ப்பிக்கும் கடமையை மேற்சொன்ன சட்டம் காவல் நிலைய அதிகாரிக்கு விதித்துள்ளது. நாம் அறிவித்தால் போதும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் இலவச மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் அழைக்கலாம். நம் சங்கத்து இளைஞர்கள் இவ்வெண்ணை இரு மொழியிலும் எழுதி நம் தெருக்களில் ஒட்டுவாராயின், அது ஆண்டுவிழாப் பந்தலினும் நெடுநாள் நிற்கும்.

மருந்து வாங்கித் தரப் பொருள் வேண்டும்; அருகிருக்க மனம் ஒன்றே போதும். அம்மனம் நம் சங்கத்தில் என்றும் தழைப்பதாக!