கனுலேயுஸ் குடும்பம்: ஒரு கல்யாணச் சட்டமும் நாலாயிரம் பிள்ளைகளும்

ரோம்னு சொன்னா சீசர், அகஸ்டஸ்னு பெரிய வீட்டுக் கதைதான் வரும். இன்னைக்கு நாம பேசப்போறது குடியரசுக் காலம் முழுக்க ஒரு கான்சலைக்கூடத் தராத ஒரு பிளெபியன், அதாவது சாமானியர் குடும்பம். பேர் கனுலேயுஸ்.

நம்ம வேலைல ஒரே ஒரு பேரைப் போட்டு லாக் ஃபைல் முழுக்கத் தேடுவோம்ல? வரலாற்றாசிரியர் லிவியை அப்படித் தேடினா, இந்தப் பேர் ரெண்டு இடத்துல பளிச்னு நிக்குது. ரெண்டுமே கல்யாண விஷயம்.

முதல் இடம், கி.மு. 445. அதுக்குச் சில வருஷம் முன்னாடிதான் பன்னிரண்டு பலகைச் சட்டம் வந்திருந்தது. பெட்ரீஷியன் எனும் மேல்குடிக்கும் பிளெபியனுக்கும் கல்யாணம் கூடாதுன்னு அதுல எழுதிட்டாங்க. மக்கள் தரப்பு டிரிப்யூனான கையுஸ் கனுலேயுஸ் அந்தத் தடையை எடுக்கச் சொன்னார். ரத்தம் கலந்துடும், சாமி காரியம் கெட்டுடும்னு மேல்குடி எகிறினாங்க. லிவி எழுதினபடி, அவர் திருப்பிக் கேட்டது ரொம்ப எளிமை: நம்ம ராஜாக்கள்லயே நூமா சபைன், தார்க்வின் எட்ரூரியாவிலேர்ந்து வந்தவர். அப்போ கெடாத ரோம் இப்போ கெடுமா? சட்டம் நிறைவேறிடுச்சு.

ரெண்டாவது இடம், 274 வருஷம் கழிச்சு, கி.மு. 171. ஸ்பெயின்லேர்ந்து ஒரு தூதுக்குழு செனட்டுக்கு வருது. ரோம் சிப்பாய்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்தவங்க, நாலாயிரம் பேருக்கு மேல. அந்தப் பெண்களோட செல்லுபடியாகிற கல்யாணத்துக்கு உரிமை இல்லாததால, அப்பா ரோமன், பிள்ளை ரோமன் இல்லை. எங்களுக்கு ஒரு ஊர் கொடுங்கன்னு கேட்டாங்க. அவங்க பேரைப் பதியும் பொறுப்பு யார்கிட்ட போச்சு தெரியுமா? பிரேட்டர் லூசியுஸ் கனுலேயுஸ்கிட்ட! அவர் விடுவிச்சவங்க ஜிப்ரால்டர் பக்கத்துல கார்தேயாவில் குடியேறலாம்னு முடிவாச்சு.

உடனே கைதட்டிட வேண்டாம். கிடைச்சது முழுக் குடியுரிமை இல்லை, அதுக்கு ஒரு படி கீழான லத்தீன் உரிமை. ஊருக்கே 'விடுதலை அடிமைகளின் காலனி'ன்னு பேர் வச்சாங்க. அதே வருஷம் ஸ்பெயின் மக்கள் பேராசைபிடிச்ச ரோம் ஆளுநர்கள் மேல புகார் கொடுத்தப்போ, விசாரணையைப் பாதியில் விட்டுட்டு மாகாணத்துக்குக் கிளம்பினவரும் இதே லூசியுஸ்தான். பெரிய ஆளுங்களைக் காப்பாத்தவான்னு அப்பவே ஊர் சந்தேகப்பட்டுச்சு.

முதல் கனுலேயுஸ் ஊருக்குள்ள இருந்த சுவரை உடைச்சார். ஊர் பெருசானதும் அதே சுவர் எல்லையில எழும்புச்சு. இந்தத் தடவை, எழுதுகோலோட உள்பக்கம் உட்கார்ந்திருந்தது அந்தக் குடும்பப் பேர். எனக்கு இந்தக் கதையில பிடிச்சவங்க, பேர் தெரியாத அந்த நாலாயிரம் பேர்தான். கேட்டதாலதான் அவங்களுக்கு ஒரு ஊர் கிடைச்சுது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.