எழுவர் தொடங்கிய சங்கம்



சங்கம் என்றாலே சந்தா, கூட்டம், தீர்மானம் என்று நம்மில் சிலருக்குச் சலிப்புத் தட்டுவது உண்டு. சங்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு பழைய வரலாறு இதோ.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் உள்ளது கார்னெல் பல்கலைக்கழகம். 1904-05 கல்வியாண்டில் அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்கு இது பெரிய கவலையாயிற்று.

அக்காலத்தில் அங்கு மாணவர் வாழ்க்கையின் மையமாக இருந்தவை 'ஃபிரட்டர்னிட்டி' எனப்படும் சகோதரச் சங்கங்கள். கிரேக்க எழுத்துகளில் பெயர், சொந்த வீடு, சாப்பாடு, தங்குமிடம், படித்து முடித்தபின் கைகொடுக்க மூத்த உறுப்பினர்கள் என எல்லாம் அவற்றில் உண்டு. கறுப்பின மாணவர்கள் அந்த வீடுகளில் உணவு பரிமாறிச் சம்பாதிக்கலாம். உறுப்பினராக மட்டும் முடியாது.

எனவே 1905-06இல் அவர்கள் தங்களுக்கென ஒரு படிப்பு வட்டம் அமைத்தார்கள். ஊரிலிருந்த கறுப்பினக் குடும்பத்தினரின் வீடுகளில் கூடினார்கள். அடுத்த கேள்வி கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது. இது இலக்கிய வட்டமாகவே இருக்கட்டும் என்றார் வட்டத்தை முன்னின்று அமைத்த பாய்ண்டெக்ஸ்டர். ஒருவருக்கொருவர் கடமைப்பட்ட நிரந்தரச் சங்கம் வேண்டும் என்றனர் மற்றவர்கள். 1906 டிசம்பர் 4 அன்று இரண்டாவது கருத்தே வென்றது. 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' பிறந்தது. நிறுவனர்கள் ஏழு பேர்.

அந்த எழுவரும் பிறகு என்ன ஆனார்கள்? ஜார்ஜ் கெல்லி நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினப் பொறியாளர். வெர்ட்னர் டேண்டி அங்கு பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். ஹார்லெமின் புனித பிலிப் தேவாலயத்தை ஜார்ஜ் ஃபாஸ்டருடன் சேர்ந்து வடிவமைத்தவர். யூஜீன் ஜோன்ஸ், நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினத்தவரின் வேலைவாய்ப்புக்காக உழைத்த 'நேஷனல் அர்பன் லீக்' அமைப்பை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். ஹென்றி காலிஸ் மருத்துவரானார். சார்லஸ் சாப்மன் பேராசிரியராகவும், நத்தானியல் மர்ரி ஆசிரியராகவும் பணியாற்றினர். ராபர்ட் ஓகிள் அமெரிக்க செனட்டின் குழு ஒன்றில் பணிபுரிந்தார்.

சங்கம் அவர்களோடு நின்றுவிடவில்லை. 1907இலேயே வாஷிங்டனின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை தொடங்கியது. 1952இல் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மார்ட்டின் லூதர் கிங் இதில் சேர்ந்தார். 2011இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அவருடைய நினைவுச்சின்னம் இந்தச் சங்கத்தின் முயற்சியால் எழுந்ததே.

தங்கள் படிப்பு முடிந்ததும் வட்டத்தைக் கலைத்துவிட்டு அவர்கள் போயிருக்கலாம். அடுத்து வரும் மாணவனும் தனித்து நிற்கக்கூடாது என்று நினைத்ததால்தான் அது சங்கமாக நிலைத்தது. அடுத்த கூட்ட அறிவிப்பு வரும்போது இந்த எழுவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டாரையும் மறக்காமல் அழைத்து வாருங்கள்.