பயிற்சியா, வேலையா? பக்கவாதத்துக்குப் பிந்தைய உடலியக்கத்தை அளந்த வரலாறு

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" காலையில் அரை மணி நேரம் நடந்துவரும் ஆண் 'ஆம்' என்பார். வாசல் பெருக்கி, தண்ணீர் எடுத்து, சமைத்து முடித்த பெண் 'இல்லை' என்பார். முன்னதற்குப் பெயர் பயிற்சி. பின்னதற்குப் பெயர் வேலை. பெண்கள் குறைவாகவே பயிற்சி செய்கிறார்கள் என்னும் முடிவுக்குள் இச்சொற்பாகுபாடும் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

உடலியக்கத்துக்கும் நோய்க்குமான தொடர்பை முதலில் எண்ணிக்கையால் நிறுவிய ஆய்வுகள் ஆண்களைப் பற்றியவை. 1953இல் ஜெரமி மோரிஸ் குழுவினர் இலண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தனர். உட்கார்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு எனக் கண்டனர். 1978இல் ரால்ஃப் பாஃபன்பார்கர் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்றோர் ஹார்வர்டில் பயின்ற 16,936 ஆண்கள். நடை, படியேற்றம், விளையாட்டு ஆகியவையே அங்கு கணக்கில் வந்தன.

பக்கவாத மறுவாழ்வின் அளவுகோல்களோ வேறு திசையில் வளர்ந்தன. 1965இல் புளோரன்ஸ் மஹோனி, டோரதியா பார்தெல் என்னும் இரு பெண்கள் வெளியிட்ட பார்தெல் குறியீடு உண்ணல், குளித்தல், உடுத்தல், நடத்தல் முதலான 10 செயல்களை அளந்தது. முழு மதிப்பெண் 100. அதைப் பெற்றவராலும் சமைக்கவோ வீட்டைப் பராமரிக்கவோ இயலாமற்போகலாம் என்பதை அவர்களே அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டனர். சமைத்துத் தருவதற்கு வேறொருவர் இருக்கும் வீட்டில் இது சிறு குறை. அந்த 'வேறொருவரே' நோயாளியானால்?

இக்குறையை நிரப்ப முயன்றது, 1983இல் ஹோல்புரூக்கும் ஸ்கில்பெக்கும் உருவாக்கிய ஃபிரெஞ்சே செயல்பாட்டுக் குறியீடு. சமையல், பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல் தொடங்கி தோட்டவேலை, வாகனப் பராமரிப்பு வரை 15 செயல்கள் அதில் உள்ளன. வீட்டுவேலை கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே புதுச் சிக்கலும் வந்தது. நோய்க்கு முன்பே சமைத்தறியாத ஆண் இங்கே மதிப்பெண் இழப்பார்; அது நோயின் விளைவன்று. கை முழுதாய்த் தேறுமுன்னே அடுப்படிக்குத் திரும்பிவிட்ட பெண் மதிப்பெண் பெறுவார். அது நலத்தின் சான்றும் அன்று.

பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தின் உலகளாவிய உடலியக்க வினாநிரல், ஊதியமற்ற வீட்டுவேலையையும் 'வேலை' என்னும் தலைப்பில் சேர்த்தது. ஆயினும் தொடர்ந்து 10 நிமிடமேனும் நீடிக்கும் இயக்கத்தையே அது கேட்டது. குழந்தை அழைக்க, பால் பொங்க, நிமிடத்துக்கொரு முறை அறுபடும் உழைப்பு அந்த வரையறைக்குள் அடங்குவதில்லை.

வீட்டுவேலை எல்லாம் மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஈடு என்பது என் வாதமன்று. தளர்ந்த காலுக்கு வலுவூட்டவும் மூச்சுத்திறனை வளர்க்கவும் திட்டமிட்ட பயிற்சி தேவை. 'நாள் முழுக்க வேலை செய்கிறேனே' என்னும் விடையோடு சிகிச்சையாளர் நின்றுவிட்டால், அப்பெண்ணுக்கு உரிய பயிற்சி கிடைக்காது. 'பயிற்சி இல்லை' என்று மட்டும் குறித்துக்கொண்டால், அவருடைய களைப்பு ஏட்டில் ஏறாது. இரண்டிலும் இழப்பவர் அவரே.

ஆகவே இந்திய மொழிகளில் வினாநிரல் மொழிபெயர்க்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'உடற்பயிற்சி செய்கிறீர்களா?' என்பதற்கு முன், 'நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அதன்பின், 'அவற்றில் உங்கள் உடம்புக்காகச் செய்தது எது?' என்று கேளுங்கள்.