98 என்று எழுதிவைத்தவன்

கூகுள் மேப்பில் ஹவாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே மேற்கே நகர்த்திக்கொண்டு போங்கள். நீலம், நீலம், மறுபடியும் நீலம். ஹொனலுலுவிலிருந்து சுமார் 3,700 கிலோமீட்டர் தாண்டியபிறகு ஒரு தூசி மாதிரி ஏதோ தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் ஆங்கில வி எழுத்து போல வளைந்த ஒரு பவளத்தீவு. நடுவில் காயல். அதைச் சுற்றி வேக், வில்க்ஸ், பீல் என்று மூன்று துண்டு நிலம். மூன்றையும் சேர்த்தால் ஏழு சதுர கிலோமீட்டர் தேறும், அவ்வளவுதான். இதுதான் வேக் தீவு.

இந்தத் தீவைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தீர்கள் என்றால், பெரும்பாலும் 1941 டிசம்பரில் அமெரிக்க மரைன் வீரர்கள் ஜப்பானியக் கடற்படையை எதிர்த்து நின்ற கதையாகத்தான் இருக்கும். நல்ல கதைதான், சொல்கிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அந்தத் தீவில் ஒரு பவளப் பாறை இருக்கிறது. அதில் கையால் செதுக்கிய ஒரு வரி: ‘98 யு.எஸ். பி.டபிள்யூ. 5-10-43’. பி.டபிள்யூ. என்றால் போர்க் கைதிகள். அதைச் செதுக்கியவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம், அவன் சிப்பாய் இல்லை. கட்டட வேலைக்கு வந்தவன்.

அவன் எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்று பார்க்கணும் என்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வேக் தீவுக்குப் பூர்வகுடி என்று யாரும் கிடையாது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் யார் குடியிருப்பார்கள்? மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும், இல்லை கடல்நீரைக் காய்ச்சி வடிக்க வேண்டும். 1899-இல் அமெரிக்கா கொடி நட்டுச் சொந்தமாக்கிக்கொண்டது. அதற்குப்பிறகு முப்பத்தைந்து வருஷம் அங்கே இருந்ததெல்லாம் கடற்பறவைகள், எலிகள், துறவி நண்டுகள்தான்.

1935-இல் பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி வந்தது. அன்றைக்கு விமானங்களால் பசிபிக் கடலை ஒரே மூச்சில் தாண்ட முடியாது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி ஹொனலுலு, மிட்வே, வேக், குவாம் என்று இறங்கி இறங்கித்தான் மணிலா போகவேண்டும். ஆக, நடுக்கடலில் தங்க ஒரு இடம் தேவைப்பட்டது. பீல் துண்டில் 48 அறை கொண்ட ஒரு ஹோட்டலைக் கட்டினார்கள். மரச் சட்டம் முதல் அத்தனையும் கப்பலில் வந்தது. காயலில் இருந்த பவளத் திட்டுகளை வெடிவைத்துத் தகர்த்து, கடல் விமானங்கள் இறங்க வழி செய்தார்கள். மண்ணே இல்லாமல் தொட்டித் தண்ணீரில் காய்கறி வளர்த்தார்கள். பணக்காரப் பயணிகள் இரவு தங்கிவிட்டு விடிந்ததும் பறந்துபோவார்கள். அவர்களுக்குச் சமைத்தது, துணி துவைத்தது, படகு ஓட்டியதெல்லாம் குவாமிலிருந்து கூட்டிவந்த சமோரோ இனத்து ஆட்கள். இவர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1941 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை அங்கே விமானத் தளம் கட்ட ஆரம்பித்தது. ஒப்பந்தம் எடுத்த கூட்டமைப்பில் ஐடஹோ மாநிலத்து மாரிசன்-நுட்சன் கம்பெனிதான் வேக் தீவு வேலையைக் கவனித்தது. ஹூவர் அணை கட்டியவர்களில் அதுவும் ஒன்று. பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்டு எழுந்த காலம் அது. நல்ல சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்றதும் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலிருந்து தச்சர், மெக்கானிக், டிராக்டர் ஓட்டுபவர், சமையல்காரர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பி வந்தார்கள். கல்லூரிக்குப் பணம் சேர்க்க வந்த இளவட்டமும் இருந்தது, மகனோடு சேர்ந்து வந்த அப்பாவும் இருந்தார். தீவைக் காவல் காக்க வந்த மரைன் வீரர்களோ 449 பேர்தான். ராணுவப் புறக்காவல் தளம் என்று நாம் சொல்கிற இடத்தில், ராணுவத்தைவிட வேலையாட்கள் இரண்டு மடங்குக்கும் மேலே!

டிசம்பர் 8 (சர்வதேசத் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹவாயில் அது 7), பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்த சில மணி நேரத்தில், நண்பகலுக்குச் சற்று முன் 36 ஜப்பானிய விமானங்கள் மேகத்திலிருந்து இறங்கின. தீவில் ரேடார் கிடையாது. கரையில் அலை மோதுகிற இரைச்சலில் விமானச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை. இருந்த 12 போர் விமானங்களில் தரையில் நின்ற எட்டில் ஏழு எரிந்து போயின.

அன்று காயலில் பான் அமெரிக்கனின் பெரிய கடல் விமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. குண்டு விழுந்ததில் தப்பியது. தபாலையும் சரக்கையும் இறக்கிவிட்டு, பயணிகளையும் கம்பெனியின் வெள்ளைக்கார ஊழியர்களையும் ஏற்றிக்கொண்டு அது மிட்வே தீவுக்குப் பறந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட சமோரோ ஊழியர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களில் சிலர் ஏற்கெனவே அந்தக் குண்டுவீச்சில் செத்திருந்தார்கள். மீதிப்பேர் கரையில் நின்றார்கள். வேக் தீவின் வீரக் கதைகளில் இந்த விமானம் புறப்பட்டதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை.

டிசம்பர் 11-இல் ஜப்பானியர் தரையிறங்க வந்தார்கள். மேஜர் டெவரோவின் ஆட்கள் கப்பல்கள் கிட்டே வரும்வரை பொறுத்திருந்து கரையோரப் பீரங்கிகளால் சுட்டார்கள். ஹயாத்தே என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. கிசராகி என்ற இன்னொன்றை ஒரு விமானி குண்டுபோட்டு மூழ்கடித்தார். படை திரும்பிப் போனது. அந்தப் போரில் தரையிறங்க வந்த ஒரு கடற்படையைக் கரைப் பீரங்கிகள் இப்படித் துரத்தியடித்தது அபூர்வம்.

கட்டட வேலையாட்கள் என்ன செய்தார்கள்? பலர் புதருக்குள் ஒளிந்தார்கள். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, அவர்கள் சண்டை போட வரவில்லையே. ஆனால் சில நூறு பேர் முன்வந்து குண்டு சுமந்தார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள், இரவெல்லாம் பீரங்கிகளை இடம் மாற்றினார்கள். ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியை ஒரு மரைன் சார்ஜென்ட்டின் கீழ் முழுக்க இவர்களே இயக்கினார்கள்.

உதவிக்குக் கிளம்பிய அமெரிக்கக் கப்பல்கள் பாதி வழியில் திருப்பி அழைக்கப்பட்டன. டிசம்பர் 23 அதிகாலையில் ஜப்பானியர் மறுபடியும் இறங்கினார்கள். தீவின் தளபதி கன்னிங்ஹாம் அனுப்பிய செய்தி ரொம்பச் சின்னது: எதிரி தீவில் இறங்கிவிட்டான், முடிவு சந்தேகம். அன்றே சரணடைந்தார்கள்.

ஆனால் அமெரிக்காவில் ஜனங்களுக்குப் போன செய்தி வேறு. ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டதற்கு ‘இன்னும் ஜப்பானியர்களை அனுப்பி வையுங்கள்’ என்று தீவிலிருந்து பதில் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அப்படி யாருமே சொல்லவில்லை என்று டெவரோ பின்னால் மறுத்தார். 1942 ஆகஸ்டில் பாரமவுன்ட் நிறுவனம் ‘வேக் ஐலண்ட்’ என்று படமே எடுத்து வெளியிட்டது. படத்தில் கடைசி ஆள்வரை போராடிச் சாகிறார்கள். படம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நிஜ ஆட்களில் பெரும்பாலானோர் ஷாங்காய் பக்கம் முகாமில் உயிரோடு, பசியோடு இருந்தார்கள்.

1942 ஜனவரியில் நிட்டா மாரு என்ற கப்பல் கைதிகளில் பெரும்பான்மையானவர்களை ஏற்றிக்கொண்டு போனது. வழியில் ஐந்து பேரைக் கப்பலிலேயே வெட்டிக் கொன்றார்கள். கட்டட வேலையாட்களில் சில நூறு பேரை மட்டும் தீவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். காரணம் ரொம்ப எளிது, புல்டோசர் ஓட்டத் தெரிந்தவன் எதிரிக்கும் தேவை. அமெரிக்காவுக்குக் கட்டிய அதே கைகள் இப்போது ஜப்பானுக்குப் பதுங்கறை கட்டின. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் இன்னொரு கப்பல் வந்து 265 பேரைக் கொண்டுபோனது. மிச்சம் 98. அவர்களோடு அவர்களுடைய மருத்துவர் லாட்டன் ஷாங்க். குண்டு விழுந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளை விட்டு நகராமல் நின்றவர். (அந்த 98-இல் அவரும் ஒருவர்.)

1943 அக்டோபர் 5, 6 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் தீவை அடித்துத் துவைத்தன. அடுத்து படையிறங்கப் போகிறார்கள், கைதிகள் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள் என்று தளபதி சக்காய்பாரா பயந்தார். 7-ஆம் தேதி 98 பேரையும் வடக்குக் கரைக்குக் கூட்டிப்போய், கண்ணைக் கட்டி, பீரங்கி வண்டிகளைத் தடுக்க வெட்டிய பள்ளத்தின் ஓரம் உட்காரவைத்து, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுப் புதைத்தார்கள்.

ஒருவன் ஓடியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். புதைத்ததைத் தோண்டி எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று குறைந்தது.

அந்த ஒருவன்தான் பாறையில் செதுக்கியவன். எங்கே ஓடுவான்? ஏழு சதுர கிலோமீட்டர் தீவு, நான்காயிரம் எதிரிகள், சுற்றிலும் கடல். பிடிபடப்போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கையில் இருந்த கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு கூரான பொருளை எடுத்துப் பாறையில் எழுதியிருக்கிறான். இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். நானாக இருந்தால் என் பெயரை எழுதியிருப்பேன், நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். இவன் தன் பெயரை எழுதவில்லை. எத்தனை பேர் என்று எழுதினான். உயிரோடு இருந்த தன்னையும் சேர்த்தே 98 என்று எண்ணியிருக்கிறான். விரைவிலேயே பிடிபட்டான். சக்காய்பாராவே தன் வாளால் அவன் தலையை வெட்டினார்.

தேதியில் ஒரு குழப்பம் உண்டு. கொலை நடந்தது 7, பாறையில் இருப்பது 5. குண்டுவீச்சு தொடங்கிய நாளைக் குறித்தானா, நாள் கணக்கே தவறிப்போனதா என்று இன்றும் பேசுகிறார்கள். எப்படியும் அது ஒரு சாட்சிக் கல்வெட்டு.

செத்தவர்கள் அவர்கள் மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா அந்தத் தீவைப் பிடிக்கக்கூட மெனக்கெடவில்லை. கப்பல் வரத்தை அடைத்துவிட்டு, அவ்வப்போது குண்டு போட்டது, அவ்வளவுதான். பட்டினியிலும் குண்டுவீச்சிலும் ஜப்பானியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேலே செத்தார்கள். எலியைத் தின்றார்கள், பறவைகளைத் தின்றார்கள். அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத, பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை, கானாங்கோழி வகையைச் சேர்ந்தது, அங்கே இருந்தது. 1945-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

போர் முடிந்ததும் ஜப்பானியர் எலும்புகளைத் தோண்டியெடுத்து வேறு இடத்தில் புதைத்து, மரச் சிலுவை நட்டு, கைதிகள் அமெரிக்கக் குண்டுவீச்சில் செத்தார்கள் என்ற மாதிரி ஒரு கதை தயார் செய்தார்கள். காவலில் இருந்த சில அதிகாரிகள் உண்மையை எழுதிவைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டதால் கதை உடைந்தது. 1947 ஜூன் 19-இல் சக்காய்பாரா குவாமில் தூக்கிலிடப்பட்டார்.

கட்டட வேலையாட்களுக்கு அமெரிக்க அரசு முன்னாள் படைவீரர் தகுதி தந்தது 1981-இல். நாற்பது வருஷம் ஆனது! குவாமிலிருந்து வந்த சமோரோ ஆட்களுக்கு அது அதற்கும் பிறகுதான் கிடைத்தது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

தீவு இன்னும் அமெரிக்க விமானப்படையிடம்தான் இருக்கிறது. 1950-இல் ட்ரூமனும் மெக்கார்தரும் அங்கே சந்தித்தார்கள். 1975-இல் வியட்நாம் அகதிகள் ஆயிரக்கணக்கில் அங்கே இறக்கப்பட்டு, சில மாதம் தங்கி, அமெரிக்கா போனார்கள். இப்போது அங்கே இருப்பது நூறு பேர் அளவில். அதிலும் பெரும்பாலானவர்கள் சீருடை போடாதவர்கள். சமைப்பது, ஜெனரேட்டர் ஓட்டுவது, ஓடுதளத்தைப் பழுதுபார்ப்பது என்று தாய்லாந்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள் நிறைய. ஒப்பந்தத்துக்கு வந்த ஆட்கள்தான் இன்றும் தீவை நடத்துகிறார்கள்.

அந்த 98 பேரின் எலும்புகள் ஹொனலுலுவில் ஒரே குழியில் இருக்கின்றன. செதுக்கியவன் அவர்களில் யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ‘அது எங்க அப்பாதான்’ என்று எந்தக் குடும்பமும் உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒருவேளை அவன் பெயரை எழுதியிருந்தால் நாம் இன்று அந்த ஒருவனைத்தான் நினைவில் வைத்திருப்போம். எண்ணை எழுதிவைத்ததால், பாறையின் முன்னால் போய் நிற்கிறவர்கள் எல்லோரும் 98 பேரையும் நினைத்துத்தான் ஆகவேண்டியிருக்கிறது.